மருமவனுக்கு ஒரு சென்சார் சர்டிபிகேட்

மருமவனே, உன் கேள்வி வந்து சேந்துது. "மாமா, பேரனுக்குப் பதினாலு, பேத்திக்குப் பதினாறு. இப்ப வர்ற படத்துல எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட்டு போட்டுச் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்க. ஊர் உலகத்துல படிச்சவன் அத்தனை பேரையும் விட்டுட்டு, ஸ்ரீவைகுண்டத்துக்குத் தெக்க வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கவன்கிட்ட கேக்கணும்னு தோணிச்சே, அந்தப் புத்திக்காவவே பதில் சொல்லுதேன். உங்க அப்பாகிட்ட கேட்டிருந்தா ஒண்ணும் தேறியிருக்காது. இன்டர்வல் மணி அடிச்சதும் படம் முடிஞ்சிட்டுன்னு எந்திரிச்சு வீட்டுக்கு வந்த மனுசன் அவரு. அந்தக் காலத்துப் படத்துல பாதிக்கு அவருக்கு இன்னும் முடிவு தெரியாது.

லிஸ்ட்டு பைய வரும். அதுக்கு முன்னால உன் சங்கதி ஒண்ணு என் காதுக்கு வந்திருக்கு. 2025 ஆகஸ்டு 14-ல 'கூலி' வந்துது. ரஜினி படம், ஆனா 'ஏ' சர்டிபிகேட். பதினெட்டுக்குக் கீழ உள்ளவனை உள்ள விடக் கூடாது. நீ பேரனைக் கூட்டிக்கிட்டுப் போயி, டிக்கெட்டு கிழிக்கிற பையன்கிட்ட "இவனுக்குப் பதினெட்டு ஆயிட்டு, வளத்திதான் கம்மி"ன்னு சாதிச்சியாமே. அவன் ஆதார் கார்டைக் கேட்டிருக்கான். "ஆதார்ல வயசைத் தப்பாப் போட்டுட்டானுவ"ன்னு சொல்லியிருக்க. பக்கத்துல பேத்தி, உனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி போஸ்டரைப் பாத்துக்கிட்டு நின்னுச்சாம். பிள்ளைக்கு எது ஏத்த படம்னு இன்னைக்கு உறக்கம் வராமக் கிடக்க அதே ஆளுதான், அன்னைக்கு வெயில்ல நின்னு பிள்ளைக்கு நாலு வயசு கூட்டுனது. யாருக்காவக் கூட்டுன? அவன் வீட்டுல போனைப் பாத்துக்கிட்டு செவனேன்னு இருந்திருப்பான். முத நாளே தலைவரைப் பாக்கணும்னு துடிச்சது நாப்பதைத் தாண்டுன நீ.

கோவப்படாதே. உன்னை விடப் பெரிய ஆளுவளும் அதைத்தான் செஞ்சாவ. படம் எடுத்த சன் பிக்சர்ஸே 'ஏ' வேண்டாம், 'யுஏ' தாங்கன்னு சென்னை ஐகோர்ட்டுக்குப் போச்சு. கோர்ட்டு மனுவைத் தள்ளிட்டு. நீ தியேட்டர் வாசல்ல கேட்டதை அவுக வக்கீல் வச்சுக் கேட்டாவ, அவ்வளவுதான். ரெண்டு பேரும் வந்த வழியே திரும்புனிய.

இந்த எழுத்து விவகாரத்தைச் சுருக்காச் சொல்லிப்புடுதேன். 'யு'ன்னா எல்லாரும் பாக்கலாம். 'ஏ'ன்னா பதினெட்டு முடிஞ்சவன் மட்டும். நடுவுல 'யுஏ'ன்னு ஒண்ணை 1983-ல கொண்டு வந்தாவ, பன்னிரண்டுக்குக் கீழ உள்ள பிள்ளைய பெத்தவன் யோசிச்சுக் கூட்டிட்டு வரட்டும்னு. 2023-ல சட்டத்தைத் திருத்தி அந்த யுஏவை மூணாப் பிரிச்சுட்டாவ: 7+, 13+, 16+. போஸ்டர் மூலையில இப்ப பெருக்கல் வாய்ப்பாடு கணக்கா நம்பர் நிக்கிது பாத்தியா, அதுதான். இதுல ஒண்ணை நீ கவனிக்கல. யுஏ 16+னு போட்ட படத்துக்குப் பதினஞ்சு வயசுப் பையனை வாசல்ல மறிக்க எவனுக்கும் அதிகாரம் கிடையாது. அந்த நம்பர் பெத்தவனுக்கும் பாதுகாவலருக்கும் மட்டும்தான், வேற யாரும் அதை அமல் பண்ண முடியாதுன்னு திருத்துன சட்டமே சொல்லுது. அதாவது கவர்மெண்டு, "நீதான்யா இனிமே சென்சார் ஆபீசரு"ன்னு சீலை உன் கையில குடுத்துட்டுப் போயிட்டு. நீ என்னன்னா அந்தச் சீலை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்து, "மாமா, நீங்களே குத்திருங்க"ன்னு நிக்கிற.

சட்டம் ஒண்ணு சொல்ல, வாசல்ல நடக்குத கூத்து வேற. அந்தத் திருத்தம் வருததுக்கு முன்னால, 2023 மார்ச்சுல 'பத்து தல' படத்துக்கு நரிக்குறவர் குடும்பம் ஒண்ணு கையில டிக்கெட்டோட வந்துது. சென்னையில ஒரு தியேட்டர்ல முதல்ல உள்ள விடல. அந்த வீடியோ ஊர் பூரா சுத்துனப் பொறவு சொன்ன காரணம் என்ன தெரியுமா? படம் யுஏவாம், கூட வந்த பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு ஆகலியாம். பிள்ளைகளைக் கூட்டி வந்த பெரியவங்க கண்ணுக்குத் தட்டுப்படல. கார்ல வந்து இறங்குத கைப்பிள்ளைக்காரங்கள எவனாவது மறிச்சு வயசு கேட்டுப் பாத்திருக்கியா? அழுக்குச் சேலையைக் கண்டா மட்டும் நம்மாளுவளுக்குச் சட்டப் புத்தகம் ஞாபகத்துக்கு வருது.

அந்த எழுத்துக்கும் காலத்துக்குக் காலம் புத்தி மாறும். 1951-ல எம்.ஜி.ஆர். நடிச்ச 'மர்மயோகி'க்கு 'ஏ' குடுத்தாவ. தமிழ்ல 'ஏ' வாங்குன முத படமே அதுதான்னு சொல்லுவாவ. எதுக்கு? பேய் வருதுன்னு. அதுவும் நெசப் பேய் இல்ல. செத்துட்டதா எல்லாரும் நெனச்ச ராசா, பேய் வேஷங்கட்டி மிரட்டுதாரு. ராசா வேஷத்துல வந்திருந்தா 'யு' குடுத்திருப்பாவ போல. நான் சின்னப்பயலா இருக்கும்போது டூரிங் கொட்டகைக்கு அந்தப் படம் வந்துது. தரை டிக்கெட்டு. முன்னால இருக்கவன் தலை மறைக்கும்னு மணலைக் குமிச்சு உசரமாக்கி உக்காந்து பாத்தோம். பேய் வந்ததும் எங்க அம்மை சேலைத் தலைப்புக்குள்ள பூந்து ஒத்தக் கண்ணை மட்டும் வெளிய வச்சுக்கிட்டேன். 'ஏ' படம்னு எவனும் என்னை எழுப்பி விடல. இன்னைக்கு அதைப் பேரனுக்குப் போட்டுக் காட்டு. பேய் வருததுக்கு முன்னாலயே உறங்கிருவான்.

சரி, சென்சார் ஆபீசருமாரு எதை எண்ணுதாவ? ரத்தம் எவ்வளவு, கெட்ட வார்த்தை எத்தனை, துணி எவ்வளவு, புகை எவ்வளவு. 2012 அக்டோபர்ல இருந்து, சிகரெட்டு வந்தா கீழ எச்சரிக்கை ஓடணும்னு விதி. ஓடுது. ஹீரோ பைய நடந்து வந்து, நெருப்பைத் தூக்கிப் பிடிச்சு, சுருட்டைப் பத்த வைக்காரு. பின்னால மேளம் இடிக்கு. விசில்ல கூரை பிச்சுக்கிட்டுப் போவுது. மூலையில சின்ன எழுத்துல 'உயிரைக் கொல்லும்'னு கிடக்கு. நான் போயிருந்த தியேட்டர்ல அதைப் பூராவும் எழுத்துக் கூட்டி வாசிச்சது நான் ஒருத்தன்தான். எழுபத்தஞ்சு வயசுல, பீடியை எப்பவோ விட்டவன்.

அதனால என் கணக்கு வேற, கேட்டுக்கோ. பிள்ளையோட படத்துக்குப் போனா பாதி நேரம் திரையைப் பாரு, மீதி நேரம் பிள்ளையைப் பாரு. எங்க கைதட்டுதான், எங்க விசிலடிக்கான், எங்க மூச்சுக் காட்டாம உக்காந்திருக்கான்னு கவனி. படத்துல ரத்தம் எத்தனை லிட்டருன்னு எண்ண ஆபீசருமாரு இருக்காவ. ரத்தம் வரும்போது பிள்ளை கையைத் தட்டுதானா, கண்ணை மூடுதானான்னு பாக்க உன்னை விட்டா ஆள் கிடையாது.

2023-ல 'ஜெயிலர்' வந்துது. யுஏ. குடும்பத்தோட போயிட்டு வந்து "மாமா, செம படம்"ன்னு போன் பண்ணுன. நானும் உங்க அத்தையும் இங்க பாத்தோம். தாத்தா பேரன் யூடியூப்புக்கு வீடியோ எடுக்க ஒத்தாசை பண்ணுதாரு, பாக்கப் பாக்க ஆசையா இருக்கு. கொஞ்ச நேரத்துல அதே தாத்தா கையில கத்தி. ஒரு வீச்சுல ஒருத்தன் தலை தனியாப் போவுது. தியேட்டரே எந்திரிச்சு நிக்கி. பக்கத்துல திரும்பிப் பாக்கேன், உங்க அத்தை கைதட்டுதா. கோழி அறுத்தா கூட அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிடுத மனுசி! பாம்படம் போட வளத்த காது ஆட ஆடத் தட்டுதா. அறுபதைத் தாண்டுன பொம்பளையவே சினிமா அந்தப் பாடு படுத்துதுன்னா, பதினாலு வயசுப் பய என்ன ஆவான்னு யோசி.

வெட்டே காட்டக் கூடாதுன்னு நான் சொல்லல. 2025 அக்டோபர்ல மாரி செல்வராஜ் 'பைசன்' எடுத்தாரே, அதுல இல்லாத வெட்டா? நம்ம மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவுன கதை. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில கபடியில தங்கம் வாங்குன அணியில இருந்த ஆளு, அர்ஜுனா விருது வாங்குனவரு. அந்தப் படத்துலயும் ரெண்டு பக்கமும் அரிவாளோட அலையுதாவ. ஆனா நான் இருந்த தியேட்டர்ல வெட்டு விழும்போது எவனும் தட்டல. பையன் நாலு பேரை இழுத்துக்கிட்டு வந்து கோட்டைத் தொடும்போதுதான் தட்டுனானுவ. பக்கத்து சீட்டுல ஒரு பள்ளிக்கூடத்துப் பய வெட்டு வரும்போது நகத்தைக் கடிச்சான், கோட்டைத் தொட்டதும் துள்ளுனான். அந்தப் பயலுக்கு எந்த சர்டிபிகேட்டும் வேண்டாம்.

சென்னையில இருக்க உனக்கு இது வேடிக்கையா இருக்கும். நம்ம பக்கத்துல அப்பிடி இல்ல. 2023-ல நாங்குநேரியில, பள்ளிக்கூடத்துல படிக்கிற பையனுவளே கூடப் படிக்கிறவனை வீடு புகுந்து வெட்டுனானுவ. அதுக்குப் பொறவுதான் அரசாங்கம் நீதிபதி சந்துருவை வச்சு விசாரிச்சுது. பள்ளிக்கூடத்துல கையில கலர் கயிறு கட்டக் கூடாதுங்க வரைக்கும் அவரு எழுதிக் குடுத்தாரு. இதுக்கெல்லாம் சினிமாதான் காரணம்னு சொல்ல நான் கிறுக்கன் இல்ல. டாக்கீஸ் வருததுக்கு முன்னாலயே இங்க அரிவாள் இருந்துது. ஆனா அரிவாளுக்குப் பின்னால மியூசிக் போட்டுக் குடுத்தது யாருன்னு மட்டும் கேட்டுக்கிடுதேன்.

இப்பப் பையன் விரும்பிப் பாத்த படத்துக்கு வாரேன். 2025 பிப்ரவரியில வந்த 'டிராகன்'. பேரன் அதை எத்தனை தடவை பாத்தான்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ப்ளஸ் டூவுல நல்லாப் படிச்ச பய, படிக்கிறவனைப் பொண்ணுங்களுக்குப் பிடிக்காதுன்னு முடிவு கட்டி, காலேஜுல ரவுடியாத் திரிஞ்சு 48 அரியர் வைக்கான். பொய் சர்டிபிகேட்டு வாங்கி வேலைக்குப் போறான். பிரின்சிபால் கண்டுபிடிச்சு, "திரும்பக் காலேஜுக்கு வந்து அத்தனையும் எழுதி முடி"ங்காரு. கடைசியில பய தன்னால இன்னொருத்தன் வாழ்க்கை கெட்டதை உணர்ந்து, சேத்ததை எல்லாம் விட்டுட்டு நேர் வழிக்கு வாரான். நல்ல படிப்பினைதான். யாரு இல்லன்னா? ஆனா பேரன் லீவுக்கு இங்க வந்திருந்தப்ப அதை என் போன்ல பாத்தான். அரியரை எண்ணுத இடம் வரைக்கும் கெக்கெக்கென்னு சிரிச்சான். பய திருந்த ஆரம்பிச்சதும் விரலால தள்ளித் தள்ளி ஓட்டிட்டான். "ஏம்ல ஓட்டுதே?"ன்னேன். "தாத்தா, இனிமே அட்வைஸுதான்"ங்கான். படம் எடுத்தவரு கடைசியில வச்ச மருந்தைப் பேரன் துப்பிட்டு, மேல இருந்த தேனை மட்டும் நக்கிட்டுப் போயிட்டான்.

அதுகூடப் பரவாயில்ல, முழுப் படமும் அவன் கையில இருந்துது. மோசம் எங்கன்னா ரீல்ஸுல. வெட்டு மட்டும், பஞ்சு வசனம் மட்டும், சுருட்டு பத்த வைக்கது மட்டும், பாட்டோட முப்பது செகண்டு. வெட்டு வாங்குனவன் பொண்டாட்டி அழுதது அதுல வராது. ரவுடி ஜெயிலுக்குப் போனது வராது. குடிகாரன் திருந்துனதை எவனாவது ரீல்ஸா வெட்டிப் போட்டுப் பாத்திருக்கியா? நீ 'ஏ' படத்துக்குப் பையனை விடக் கூடாதுன்னு காவல் இருக்க. படம் தலை வேற, வால் வேறயா அவன் உள்ளங்கையில வந்து விழுது. அதுக்கு எந்த ஆபீசரும் எழுத்துப் போடல.

பேத்தி பக்கம் வருவோம். அவளைப் பத்தி நீ கேட்டது ஒரே வரி, "அவ பிரச்சினை இல்ல மாமா"ன்னு. அவ பிரச்சினை இல்லதான், ஆனா அவளுக்குப் பிரச்சினை இருக்கு. 2016-ல 'ரெமோ'ன்னு ஒரு படம் வந்துதே. டி.வி.யில போட்டப்ப எல்லாரும் சேந்து பாத்தோம். நிச்சயம் ஆன டாக்டர் பொண்ணை மடக்க, ஹீரோ நர்ஸ் வேஷங்கட்டி ஏமாத்துதான். வெட்டுக் குத்துப் படம் இல்ல. நீயும் பேரனும் உருண்டு சிரிச்சிய. பேத்தி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. அவ முகத்தை நான் பாத்தேன், நீ பாக்கல. வேண்டாம்னு சொன்ன பொண்ணு பின்னால பஸ் ஸ்டாப் வரைக்கும் வருதவனை, நாலு பாட்டு போட்டு நல்லவன் ஆக்குத படம் நம்ம ஊர்ல நேத்து இன்னைக்கா வருது? பஸ் ஸ்டாப்புல நிக்கது அவ. சிரிக்கது நீ. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "உனக்கு ஏன் சிரிப்பு வரலம்மா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உன் வீட்டுல உனக்குத் தெரியாத ஒரு படம் ஓடிக்கிட்டிருக்கது தெரிஞ்சிருக்கும்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க கெட்டுப் போச்சு"ன்னு ஒரு பெருமூச்சு விட்டிருந்தியே, அதைப் படிச்சு உங்க அத்தை ரொம்ப நேரம் சிரிச்சா. 1981-ல 'அலைகள் ஓய்வதில்லை' வந்தப்ப, உங்க தாத்தா திண்ணையில உக்காந்து இதே மூச்சை விட்டாரு. உங்க அம்மை அந்தப் படத்தைப் பாத்துட்டு வந்து ஒரு வாரம் கண்ணாடி முன்னாலயே நின்னா. நீ மட்டும் என்ன? 2002-ல 'துள்ளுவதோ இளமை' வந்துது. நீ அப்ப ப்ளஸ் டூ. காலையில பள்ளிக்கூடத்துக்குன்னு கிளம்பி, திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்கி, பைக்குள்ள இருந்து கலர் சட்டையை எடுத்து மாத்திக்கிட்டு உள்ள போன. மாமாவுக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கியா? உரம் வாங்க வந்தவன், ரெண்டு வரிசை பின்னாலதான் இருந்தேன். எந்த எந்த இடத்துல நீ விசிலடிச்சன்னு எனக்குத் தெரியும். உன் பொண்டாட்டிக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், இந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரு நல்ல வேட்டியா எடுத்துக் குடு.

சரி, கேட்ட லிஸ்ட்டைத் தாரேன், எழுதிக்கோ.

முதல்ல 'வாழை', 2024. நம்ம பக்கத்துக் கதை. லீவு நாள்ல காய் சுமக்கப் போவச் சொன்னா சாக்குப் போக்குத் தேடுத பய. ஒருத்தன் ரஜினி கட்சி, கூட்டாளி கமல் கட்சி, ரெண்டு பேருக்கும் நாள் பூரா சண்டை. டீச்சர் கைக்குட்டையை எடுத்து வச்சுக்கிட்டு அலையுதது வேற. பேரன் தன்னைப் பாத்த மாதிரி சிரிப்பான், சிரிக்கட்டும். சகதி வரப்புல தாரைச் சுமந்துக்கிட்டு ஓடுதது நடிப்பு இல்ல, நான் பாத்த ஓட்டம். இருபது கிலோ தாரு, கழுத்து உள்ள போயிரும். காலு வழுக்குனா காயும் போச்சு, கூலியும் போச்சு. வாழைக்கறை பட்ட சட்டை ஆயுசுக்கும் வெளுக்காது. உன் வீட்டுல பழம் ஃப்ரிட்ஜுல காய்க்குதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கானே பேரன், அவன் பாக்கட்டும். முடிவு என்னன்னு நான் சொல்ல மாட்டேன். படம் முடிஞ்சதும் நீயும் ஒண்ணும் விளக்கம் சொல்லாதே. வாயைத் திறந்தன்னா கெடுத்துருவ.

'டூரிஸ்ட் ஃபேமிலி', 2025. இலங்கையில பொழைக்க முடியாம ராத்திரியோட ராத்திரியா போட்டுல ராமேசுவரம் வந்து, சென்னையில ஒரு காலனியில ஒளிஞ்சு வாழுத குடும்பம். வாயைத் திறந்தா பேச்சு காட்டிக் குடுத்துரும், ஆனா அந்தாளு தெருவுல யாருக்கு என்ன கஷ்டம்னாலும் முன்னால போய் நிக்காரு. நீ ஆறாவது மாடியில அஞ்சு வருசமா இருக்க, எதிர் வீட்டுக்காரன் பேரு தெரியுமா? அந்தப் படத்தைப் பிள்ளைகளோட நீதான் முக்கியமாப் பாக்கணும்.

'லப்பர் பந்து', 2024. கிரிக்கெட்டுன்னு சொல்லிப் பேரனை உக்கார வச்சிரு. ரெண்டு ஆம்பளைக வறட்டுக் கௌரவத்தை வச்சுக்கிட்டு முறைக்கானுவ, அது மாமனார் மருமகன் சண்டையா முத்துது. நடுவுல சாதி பாத்து டீமுல ஆள் சேக்குததைச் சத்தமில்லாமச் சொல்லிட்டுப் போறாவ. வேலைக்குப் போறேன்னு பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்லிட்டுக் கிரவுண்டுக்கு ஓடுத அந்தப் பெரியவரைப் பாக்கும்போது பிள்ளைக உன்னைத் திரும்பிப் பாக்கும். பாக்காத மாதிரி இரு.

மலையாளத்துல 'மஞ்ஞுமல் பாய்ஸ்', 2024. கொடைக்கானல் குணா குகையில 2006-ல நடந்தது. 'தாண்டாதே'ன்னு போட்டிருந்த வேலியைத் தாண்டிப் போயி ஒருத்தன் குழிக்குள்ள விழுதான். கூட்டாளி கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கித் தூக்கிட்டு வாரான். குடிச்சுக்கிட்டுச் சுத்துத பயலுவதான், அதைப் பேசு. ஆனா எவனையும் அடிக்காம ஒருத்தன் ஹீரோ ஆவுததைப் பேரன் பாக்கட்டும். அந்த இடத்துல கைதட்டுனான்னா எனக்கு உடனே போன் பண்ணு.

'மெய்யழகன்', 2024. ராத்திரி பூராவும் ரெண்டு ஆம்பளைக பேசிக்கிட்டே இருக்காவ. பேரன் நெளிவான், பேத்தி கேப்பா. படம் வந்த பொறவு, நீளமா இருக்குன்னு பதினெட்டு நிமிசத்தை வெட்டிட்டாவ. மனுசன் மனுசன்கிட்ட மனசு விட்டுப் பேசுனா நம்மாளுவளுக்கு அவ்வளவு அவசரம். எந்த ஊர்லயாவது சண்டை நீளமாப் போச்சுன்னு ஒரு அடியைக் குறைச்சிருக்காவளா?

கடைசியா 'லவ் டுடே', 2022. பொண்ணோட அப்பா, காதலிக்கிற ரெண்டு பேரையும் ஒரு நாள் போனை மாத்திக்கிடச் சொல்லுதாரு, அவ்வளவுதான், குட்டு எல்லாம் வெளிய வருது. பேத்தி வயசுக்குக் கொஞ்சம் பச்சையான பேச்சு உண்டு. ஆனா அவ போன்ல அதை விடப் பச்சையானது எல்லாம் எப்பவோ வந்தாச்சு. இதை எல்லாரும் சேந்து பாத்துட்டு, மறுநாள் நீயும் உன் பொண்டாட்டியும் போனை மாத்திக்கிடுங்க. மூச்சு முட்டுதா? அப்ப பிள்ளைக போனைப் பிடுங்கிச் சோதனை போடும்போது அதுகளுக்கும் அப்பிடித்தான் முட்டும்.

"மாமா, நான் டி.வி.யில லாக்கு போட்டு வச்சிருக்கேன்"ன்னு சொல்லுவ. ஓடிடிக்காரங்க 13+க்கும் அதுக்கு மேல உள்ளதுக்கும் பூட்டு வசதி குடுக்கணும்னு 2021-லயே விதி வந்தாச்சு, அதை மதிச்சு நீயும் நாலு இலக்கத்துல பூட்டுப் போட்டுட்ட. நல்லது. அந்தப் பூட்டை உனக்குப் போடத் தெரியாம, போட்டுக் குடுத்தது யாரு? பேரன். நம்பரை மறந்துட்டா நீ யார்கிட்ட கேக்க? அதுவும் பேரன்கிட்டதான். 'ஏ' படம் பாக்க அவன்கிட்ட அனுமதி வாங்குத நிலைமையில இருக்கவன், அவனுக்கு லிஸ்ட்டு போட ஆள் தேடுத!

அதனால நான் போட்ட லிஸ்ட்டை அப்பிடியே பிள்ளைக முன்னால நீட்டாதே. "தாத்தா சொன்ன படம்"ன்னு சொன்னாலே பாதிப் படம் செத்துரும். வேற ஒண்ணு செய். இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் உக்கார வச்சு, "அப்பா எந்தப் படம் பாக்கலாம், எது பாக்கக் கூடாது, நீங்க சொல்லுங்க"ன்னு கேளு. காரணத்தோட சொல்லச் சொல்லு. பேரன் சிரிப்பான், பேத்தி நோட்டை எடுத்துட்டு வந்துருவா. எந்தப் படத்தைப் பாத்துட்டு வந்து நீ அதுக அம்மைகிட்ட எரிஞ்சு விழுந்த, எந்தப் படத்துக்குப் போன வழியில சிக்னலை மதிக்காம ஓட்டுன, எந்த ஹீரோ மாதிரி நினைச்சுக்கிட்டு டெலிவரிப் பையனை அதட்டுன, எல்லாம் அதுல இருக்கும். எழுதி முடிச்சதும் மேல உனக்கு ஒரு எழுத்தும் நம்பரும் போடச் சொல்லு. என்ன கிடைச்சுதுன்னு எனக்குச் சொல்லி அனுப்பு. ஒண்ணு மட்டும், எது கிடைச்சாலும் பேசாம வாங்கிக்கோ. கோர்ட்டுக்குப் போயிராதே.